துரைக்கு விழுந்த வெள்ளைப் புள்ளி

டொக். டொக்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது, வேலை முடிந்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நர்ஸம்மா இரண்டாவது செருப்பை இன்னும் கழற்றவில்லை.

"இதோ வந்துட்டேன் அத்தை!"

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அத்தை இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

அத்தை என்றால் அவளுடைய மாமியார். மூட்டுத் தேய்ந்து கட்டிலோடு ஒடுங்கிப்போன கடைசி ஒன்பது வருடமும், அந்த அம்மாள் வீட்டை ஆண்டது மோதிர விரலால்தான். சுவரில் இரண்டு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். மூன்று என்றால் நீயே வா. ஒரே ஒரு தட்டு என்றால் கோபம், ஒருத்தரும் என் முகத்தில் விழிக்க வேண்டாம்.

இப்போது கேட்டது இரண்டு தட்டு.

வீட்டில் வேறு யாரும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறாரோ, வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். சுருட்டி வைத்த மெத்தை. வெறும் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் துரை.

அத்தைக்குப் பொழுது போகட்டும் என்று மகன் வாங்கிவிட்ட எட்டுத் தங்கமீன்களில் மிஞ்சியது துரை ஒன்றுதான். உள்ளங்கை அகலம். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைத் தாடை. தீனி போட்டால் மற்ற மீன்கள் முண்டியடிக்கும். இது மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, யோசித்து, பிறகுதான் வரும். "துரைக்கு இன்னும் தூக்கம் கலையலையாம்" என்பாள் அத்தை. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் துரை இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டியின் அடியில் அழகுக்காகக் கிடந்த பீங்கான் கோப்பையின்மேல் உடம்பைச் சரக்கென்று தேய்த்தது. கோப்பை ஆடிக் கண்ணாடியில் மோதியது. டொக்.

"அட சனியனே, நீதானா?" சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்தாள். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

துரையின் வாலிலும் துடுப்பிலும், உப்பைப் பொடித்துத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

காய்ச்சல் வார்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். அவள் ஊசி போட்டால் கொசு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரி முழுக்கக் கொசுக்கடி சிஸ்டர் என்றுதான் பெயர். தொற்று என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். முதல் கேள்வியை மனசு தானாகவே கேட்டது. வெளியிலிருந்து யார் உள்ளே வந்தது?

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மூன்று குட்டி மீன்கள் வந்தன. துரை தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, வரும் வழியில் வாங்கி, கடைக்காரர் கட்டிக் கொடுத்த பையைப் பிரித்து, தண்ணீரோடு தொட்டிக்குள் கவிழ்த்தாள். அவள் கையால். அதே கையால்.

"நான்தான்," என்று அவள் வெறும் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "மறுபடியும் நான்தான் அத்தை."

மறுபடியும் என்றால்?

கல்யாணமாகி வந்த முதல் நாளே மாமியார் அவள் கையைத் திருப்பிப் பார்த்து, "இந்தக் கை எத்தனை பொணத்தைத் தொட்டிருக்கும்?" என்று கேட்டவள். இருபது வருடம் கழித்து அதே வாய், "அந்தக் கையைத் தவிர வேற எவ கையும் என்மேல படக் கூடாது" என்று டாக்டரிடமே சண்டை போட்டது. இருவருக்கும் நடுவில் இருந்தது பாசமா, பழக்கமா, பகையா? மூன்றையும் கலந்து கட்டிய கயிறு அது. அறுந்தபோதுதான் எவ்வளவு கனம் தாங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

போன வருடம் ஊரெல்லாம் ஒரு தொற்றுக் காய்ச்சல் வந்தது. வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். சிஸ்டர் தினமும் செருப்பை வெளியே விட்டு, குளித்து, துணியைக் கொதிநீரில் போட்ட பிறகுதான் அத்தையிடம் போவாள். அப்படியும் ஒரு வியாழக்கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் அடித்தது. இவள் ஒரு வார்டில், அத்தை இன்னொரு வார்டில். மூன்றாம் நாள் அத்தை போய்விட்டாள். மூட்டை போலக் கட்டிக் கொண்டுபோனார்கள். ஒன்பது வருடம் துடைத்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை துடைக்க இவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, நாலு பேர் கேட்கச் சொன்னாள். "அம்மா வாசப்படி தாண்டி ஒன்பது வருஷம் ஆச்சு. அப்போ எமன் எப்படி வந்தான்? இவதான் வெள்ளை உடுப்புல முடிஞ்சு கூட்டிட்டு வந்தா."

கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவள் வரும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்தால், குளியலறை வாசலில் துண்டும் வாளியில் வெந்நீரும் தயாராக இருக்கும். அது அக்கறையா, பயமா? பதினோரு மாதமாக அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திட்டினால்கூட அழுது தீர்த்துவிடலாம். வெந்நீரை என்ன செய்வது?

போன வாரம் நாத்தனார் போன் செய்திருந்தாள்.

"அண்ணி, புது வீட்டுக்கு வந்துட்டோம். இடம் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை விட்டு அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வந்து துரையை எடுத்துக்கிறேன்."

"அது இங்கேயே பழகிடுச்சும்மா..."

"அம்மாவைத்தான் விட்டு வைக்கல. மீனையாவது உயிரோட குடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. பட்ட காலிலே படும் என்பது இதுதான்.

ஆனால் கொசுக்கடி சிஸ்டர் அழுதுகொண்டே வேலை செய்யத் தெரிந்தவள். நோயாளியை முதலில் தனிமைப்படுத்து. இருபத்தாறு வருடமாக ரத்தத்தில் ஊறிய சட்டம். பெரிய வாளி ஒன்றைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, துரையை அள்ளி அதில் விட்டாள். காற்றுக் குழாய், தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு. சுவரில் ஒரு தாளை ஒட்டி, மூன்று மணிக்கொரு தடவை வெப்பம், மூச்சு, புள்ளிகளின் எண்ணிக்கை என்று எழுதினாள்.

கணவர் வந்து தாளைப் படித்தார். "நோயாளி பேரு துரை, வயசு ஒன்பது. ம்... சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"உங்களுக்குக் கிண்டல்."

"கிண்டல் இல்லடி. எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இவ்வளவு கவனிப்பு இல்லையேன்னு ஒரு வயித்தெரிச்சல்."

அந்த வீட்டில் பல மாதம் கழித்துக் கேட்ட வேடிக்கைப் பேச்சு அது. சிஸ்டர் சிரிக்கப் போனாள். அதற்குள் அவர் கண் அம்மாவின் கட்டிலைத் தொட்டுவிட்டது. எழுந்து போனார்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, துரையின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. துடைத்துவிட்டாற்போலப் பளபளவென்று இருந்தது. சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தாளின் அடியில் 'குணமாகி வீடு திரும்பினார்' என்று எழுதி, துரையைத் தூக்கித் தொட்டியில் விட்டாள். குட்டி மீன்கள் மூன்றும் ஓடிவந்து சுற்றிக்கொண்டன. அவற்றுக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது சத்தம் எதுவும் இல்லை. அதுவே அவளை நடுங்க வைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். துரை தொட்டியின் மூலையில், துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, காற்றுக் குமிழிகளுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றது. முன்னே இருபது புள்ளி என்றால் இப்போது இருநூறு. கண்ணின்மேல்கூட ஒன்று. குட்டி மீன்களில் ஒன்று மல்லாந்து மிதந்தது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மீன் கடைக்கு அவள் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடினாள். கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். ஓட்டைவாய். மனைவியோடு பேசும் நேரத்தைவிட மீனோடு பேசும் நேரம் அதிகம் என்று அவரே சொல்லுவார்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்தார். "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்க மனுஷனுக்குப் பண்ற வைத்தியத்தை மீனுக்குப் பண்ணிட்டீங்க."

"நோயாளியைத் தனியா வைக்கணும்ல?"

"நோயாளி யாரு? துரை இல்ல. தொட்டிதான் நோயாளி. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு பூச்சி. மீன் தோலுக்குள்ள உக்காந்து தின்னும். வயிறு நிறைஞ்சா உதிர்ந்து அடியில விழும். விழுந்து, ஒண்ணு நூறாப் பிரிஞ்சு, மறுபடி நீந்திக்கிட்டு ஆள் தேடி வரும். தோலுக்குள்ள இருக்கிறப்போ எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்தி வர்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் அடிக்க முடியும். நீங்க வாளியில துரையைக் கழுவிக் குணமாக்கிட்டு, பூச்சி குடியிருக்கிற வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டீங்க."

"புள்ளியெல்லாம் போயிடுச்சே..."

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. புள்ளி போச்சுன்னா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்ல சிஸ்டர். அது குட்டி போடப் போயிருக்குன்னு அர்த்தம். கடைசிப் புள்ளி உதிர்ந்த பிறகும் பத்து நாள் மருந்தை நிறுத்தாதீங்க. கண்ணை நம்பாதீங்க."

அன்று மாலையே போர் தொடங்கியது. வடிகட்டியிலிருந்த கரியை எடுத்தாள். இருந்தால் மருந்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். தண்ணீரின் சூட்டை இருபத்தொன்பது டிகிரி வரை மெதுமெதுவாக ஏற்றினாள். உப்பைக் கரைத்துத் தவணை தவணையாக விட்டாள். கடைக்காரர் கொடுத்த நீலநிறச் சொட்டு மருந்தை ஊசிக்குழலில் அளந்து ஊற்றினாள். தினமும் குழாயை வாயால் உறிஞ்சி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் இண்டு இடுக்கில் இருந்த அழுக்குத் தண்ணீரை வாளியில் இறக்கினாள்.

வெளிச்சம் பட்டால் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும். அதனால் தொட்டியை மூட வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி. அதைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தாள். கட்டிலின் பக்கத்தில் போர்த்தப்பட்ட நீளமான ஓர் உருவம். உள்ளே மெல்ல மூச்சுவிடுவது போலக் காற்றுக் குழாயின் சத்தம்.

அந்த ஒரு வாரம் அவள் அந்த அறையில் தனியாக இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியை விலக்கிச் சூடு பார்க்கும்போதெல்லாம் கட்டில்பக்கமிருந்து யாரோ எட்டிப்பார்ப்பது போலிருக்கும். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரியுமோ என்று பயந்து, குனிந்தபடியே படித்து, குனிந்தபடியே எழுதுவாள். ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரும்போது, "தண்ணி" என்று தெளிவாகக் கேட்டது. திரும்பவில்லை. "தண்ணிதான் மாத்திட்டு இருக்கேன் அத்தை" என்றாள்.

குட்டி மீன்கள் மூன்றும் செத்தன. புதன்கிழமையோடு கணக்கு முடிந்தது. துரை மட்டும் நின்றது. சாப்பிடவில்லை, நகரவில்லை. ஆனால் நின்றது.

சனிக்கிழமை காலையில் புள்ளிகள் உதிர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது துரையின்மேல் ஒரு புள்ளிகூட இல்லை! வாலின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்ததைத் தவிர, கடையிலிருந்து நேற்று வாங்கிய மீன் போல இருந்தது. ஒரு தீனி உருண்டையைப் போட்டாள். ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, யோசித்து, வந்து தின்றது.

பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். கையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நேராக அம்மாவின் அறைக்குள் போனாள். கணவர் கூடத்திலேயே ஒரு பழுதான சுவிட்ச் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா போனதிலிருந்து அந்த அறைக்குள் பத்து நிமிஷத்துக்கு மேல் அவரால் இருக்க முடிவதில்லை.

நாத்தனார் பச்சைத் துணியை விலக்கினாள். துரையைப் பார்த்ததும் அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"டேய் துரை... என்னைத் தெரியுதாடா? பரவாயில்ல அண்ணி, நல்லாத்தான் வச்சிருக்கீங்க. டப்பாவுல தண்ணி ஊத்துங்க, கிளம்புறேன்."

வாசகர்களே, மனித மனம் இருக்கிறதே, அது பொல்லாதது. அந்த நொடியில் சிஸ்டரின் காதுக்குள் ஒரு குரல் கேட்டது. இது அத்தையின் குரல் அல்ல, அவளுடைய சொந்தக் குரல். கொடுத்துவிடு. உயிரோடு கேட்டாள், உயிரோடு கொடுத்தாகிவிட்டது. பூச்சி இன்னும் ஒளிந்திருப்பது உனக்கும் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அங்கே போய் நாலு நாளில் செத்தால் அது அவள் வீட்டில் நடந்த சாவு. அவள் கையால் நடந்த சாவு. பதினோரு மாதமாக நீ சுமப்பது என்னவென்று அவளும் ஒருநாள் சுமந்து பார்க்கட்டுமே!

சிஸ்டர் டப்பாவைக் கையில் வாங்கினாள். தொட்டியில் முக்கப் போனாள். துரை மெதுவாக அவள் விரலருகே வந்து நின்றது.

டப்பாவைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டாள்.

"குடுக்க முடியாதும்மா."

"என்ன அண்ணி? ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சொல்றதைக் கேளு. துரைக்கு நோய். நான்தான் கொண்டு வந்தேன். குட்டி மீன் மூணு வாங்கிட்டு வந்து, ஒரு வாரம் தனியா வச்சுப் பாக்காம உள்ள விட்டுட்டேன். அதுங்க மூணும் செத்துப்போச்சு. இப்போ பாக்குறப்போ இதுக்குக் குணமான மாதிரி தெரியும். ஆனா குணமாகல. புள்ளி உதிர்ந்தா நோய் போச்சுன்னு நினைச்சு ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்துட்டேன். இன்னும் பத்து நாள் இந்தத் தண்ணியிலயே மருந்துல இருக்கணும். இப்போ அசைச்சா செத்துடும். நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ. அம்மாவையும் நான்தான், இதையும் நான்தான். ஆனா உன் கையில குடுத்து அதைச் சாக விட மாட்டேன்."

இனி நாத்தனார் வெடிப்பாள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நாத்தனார் சுவரிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'குணமாகி வீடு திரும்பினார்' என்ற வரியைச் சிஸ்டரே பின்னர் சிவப்பு மையால் அடித்து, 'என் தவறு' என்று எழுதியிருந்தாள்.

"உதிர்ந்தா... போச்சுன்னு அர்த்தம் இல்லையா?" நாத்தனாரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இல்லம்மா."

"வெளிய ஒண்ணும் தெரியாதா? நல்லா இருக்கிற மாதிரியே இருக்குமா?"

"ஆமா. ஏன்?"

நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம், திங்கட்கிழமை நான் வந்தேன்ல அண்ணி? நீங்க டூட்டியில இருந்தீங்க. அதுக்கு முதல் நாள் எனக்கு லேசா காய்ச்சல். தொண்டை வலி. மாத்திரை போட்டேன், காலையில சூடு இறங்கிடுச்சு. இறங்கிடுச்சுன்னுதானே வந்தேன்! அம்மாவுக்கு என் கையால ஊட்டிவிட்டேன். மிச்சத்தை நான் தின்னேன். அம்மா என் கன்னத்தைப் பிடிச்சு முத்தம் குடுத்தா அண்ணி."

சிஸ்டர் விரலை மடக்கி எண்ணினாள். திங்கட்கிழமை. வியாழக்கிழமை. மனசு நாளைக் கூட்டிப் பார்த்தது, பொருந்தியது. ஆனால் தன்னுடைய வார்டு, தன்னுடைய சீருடை, அதுவும் பொருந்தத்தான் செய்தது. யார் கூட்டி வந்தது? சொல்லக்கூடிய ஒரே ஆள் மூட்டையாகப் போய்விட்டாள்.

"அது நீயாவும் இருக்கலாம், நானாவும் இருக்கலாம்மா," என்றாள் கடைசியில். "இனிமே தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல கத்தினேனே, அப்பவே தெரியும். நான் முந்திக்கலேன்னா யாராவது என்னைக் கேட்டுடுவாங்களோன்னுதான்..." அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வெளியே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிஸ்டரின் கை தன்னிச்சையாக அந்த முதுகுக்குப் போனது, பாதியில் நின்றது, பிறகு போய்ச் சேர்ந்தது.

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. பொறந்த வீடுன்னு எனக்கு இனி இருக்கிறது அவர் ஒருத்தர்தான். அவரும் என்னைப் பாக்குற பார்வையை மாத்திட்டார்னா..."

மாறினால் எப்படி இருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியாதா? அவள் பச்சைத் துணியை இழுத்துத் தொட்டியை மூடினாள். நாத்தனார் வெறும் டப்பாவை இடுக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தாள்.

"என்ன பாப்பா, துரையை எடுக்கலையா?" என்றார் கணவர், சுவிட்சிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"இன்னும் பத்து நாள் ஆகுமாம் அண்ணா. தேறட்டும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். மூன்று படி இறங்கியதும் நின்று திரும்பினாள். சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. இந்தத் தடவை அவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

"அவ கண்ணு ஏன் சிவந்திருக்கு? அம்மாவைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

பதினோரு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி, இதோ கேட்டாகிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். வாளி வெந்நீரை நாளை முதல் யாரும் வைக்க மாட்டார்கள். கீழே படியில் நின்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. பழைய ஞாபகம், அழுதா," என்றாள் சிஸ்டர்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு மீதிப் படிகளில் இறங்கினாள். கடைசிப் படியின் சத்தம் அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, சிஸ்டர் கதவைச் சாத்தினாள்.